நேர்வரிசை ஆறு சிலிண்டர்: எங்கே உடையும்?

நேயர்களுக்கு வணக்கம்.

ஆறு சிலிண்டர் பெட்ரோல் எஞ்சினைப் பற்றிப் பேச்சு எடுத்தால், கார் பிரியர்களான இளைஞர்கள் கேட்கும் முதல் கேள்வியே "எத்தனை குதிரைத்திறன் வரை ஏற்றலாம்?" என்பதுதான். நியாயமான ஆசை. ஆனால் அதற்கு முன்னால் கேட்க வேண்டியது ஒன்று இருக்கிறது. இந்த எஞ்சின் எங்கே உடையும்? அதற்குப் பதில் தெரிந்தவர் செய்யும் ட்யூனிங்தான் நிலைக்கும். டொயோட்டாவின் 2ஜேஸட், நிஸானின் ஆர்பி26 என்ற இரண்டு ஜப்பானிய எஞ்சின்களை முன்வைத்து இதை விளக்கப் பார்க்கிறேன். பிஎம்டபிள்யூ பக்கமும் கொஞ்சம் போய் வருவோம்.

ஒரே வரிசையில் நிற்கும் ஆறு சிலிண்டர்களில் அப்படி என்ன விசேஷம்? நம் தெருவில் ஓடும் பெரும்பாலான கார்களில் இருப்பது நான்கு சிலிண்டர் எஞ்சின். அதில் இரண்டு பிஸ்டன் மேலே போகும்போது இரண்டு கீழே வரும். சமமாகத்தானே இருக்கிறது என்று தோன்றும். ஆனால் பிஸ்டனைச் சுழலும் கிராங்க் தண்டோடு இணைக்கும் கனெக்டிங் ராடு சாய்ந்து சாய்ந்து நிமிர்வதால், பிஸ்டன் தன் பாதையின் மேல்பாதியைக் கீழ்பாதியைவிட வேகமாகக் கடக்கிறது. அந்த வித்தியாசம் ஒவ்வொரு சுற்றுக்கும் இரண்டு உதறலாக மிஞ்சுகிறது. ஆறு சிலிண்டரில் பிஸ்டன்கள் மூன்று ஜோடிகள்: ஒன்றும் ஆறும், இரண்டும் ஐந்தும், மூன்றும் நான்கும் சேர்ந்தே ஏறி இறங்கும். ஜோடிக்கு ஜோடி 120 பாகை இடைவெளி. கூட்டிப் பார்த்தால் அந்த மிச்ச உதறலும் ஒன்றையொன்று அழித்துக்கொள்கிறது. முன்பாதி பின்பாதிக்குக் கண்ணாடிப் பிம்பமாக அமைவதால், முன்னும் பின்னும் தூக்கிப் போடுகிற ஆட்டமும் கிடையாது. உதறலை அடக்கத் தனியாக பேலன்ஸ் ஷாஃப்ட் வைக்க வேண்டிய தேவையே இல்லை. வி6 எஞ்சினுக்கு இந்தக் கொடுப்பினை இல்லை. அது மூன்று மூன்றாகச் சேர்த்த எஞ்சின், அதன் ஆட்டத்தை வேறு வழிகளில்தான் அடக்க வேண்டும்.

இதற்கு விலை நீளம். குறுக்காகப் பொருத்தும் முன்சக்கர இழுவை கார்களில் இதற்கு இடம் கிடைக்காது. மெர்சிடிஸ் நிறுவனமே 1997-இல் நேர்வரிசையைக் கைவிட்டு வி6-க்கு மாறத் தொடங்கி, 2017-இல் எம்256 எஞ்சினோடு மறுபடி நேர்வரிசைக்குத் திரும்பியது. அந்தக் காலத்திலும் பிஎம்டபிள்யூ இதை விடவில்லை. 1917-இல் அவர்கள் செய்த முதல் விமான எஞ்சினும் நேர்வரிசை ஆறுதான்.

நீளத்தால் வரும் இன்னொரு சிக்கல் வெளியே தெரியாது. கிராங்க் தண்டு நீளமாக இருந்தால், ஒவ்வொரு வெடிப்பிலும் அது ஈரத்துணியைப் பிழிவதுபோல் நூலளவு முறுக்கி விடுபடும். இந்த முறுக்கதிர்வு தண்டின் முன்முனையில்தான் அதிகம். அங்கே இருக்கும் பெரிய புல்லியின் உள்ளே ஒரு ரப்பர் வளையம் இருக்கிறதே, அது அலங்காரத்துக்கு இல்லை. அந்த அதிர்வை விழுங்கத்தான். பலரும் திரும்பிக்கூடப் பார்க்காத இந்தப் பாகத்துக்கு மீண்டும் வருகிறேன்.

இப்போது 2ஜேஸட். 1991-இல் டொயோட்டா அரிஸ்டோ காரில் வந்தது, 1993-இல் சுப்ராவில். 2997 சிசி. சிலிண்டர் விட்டம் 86 மில்லிமீட்டர், பிஸ்டன் ஓடும் தூரமும் அதே 86. சிலிண்டர்கள் அமைந்த பிளாக் வார்ப்பிரும்பு, கிராங்க் தண்டைத் தாங்க ஏழு மெயின் பேரிங், பிஸ்டனின் அடியில் எண்ணெய் பீய்ச்சிக் குளிர்விக்கும் குழல்கள். சிலிண்டர்களின் மேல்விளிம்பைச் சுற்றி உலோகம் மூடியே இருப்பதால் அழுத்தம் ஏறினாலும் சுவர் அசையாது. அந்தக் காலத்தில் ஜப்பானிய நிறுவனங்கள் 280 குதிரைத்திறனுக்கு மேல் அறிவிப்பதில்லை என்று தங்களுக்குள் ஓர் உடன்பாடு வைத்திருந்தன. உள்நாட்டு சுப்ராவின் தாளில் அதே 280. அமெரிக்காவுக்குப் போனதில் 320. தடை தாளில் இருந்தது, இரும்பில் இல்லை. அடிப்பாகத்தைத் திறக்காமலே இரண்டு மடங்கு சக்தி எடுத்தவர்கள் உலகெங்கும் இருப்பது அதனால்தான்.

ஆனால் அந்தப் புகழைக் கேட்டு வாங்குகிறவரின் காரில் முதலில் தகராறு செய்வது பிளாக் அல்ல, ரப்பர் ஹோஸ். வெளியேறும் புகையின் விசையால் சுழன்று கூடுதல் காற்றை எஞ்சினுக்குள் தள்ளுவது டர்போ. இந்த எஞ்சினில் இரண்டு டர்போக்கள் வரிசையாக வேலை செய்கின்றன. குறைந்த வேகத்தில் ஒன்று மட்டும், நிமிடத்துக்கு ஏறத்தாழ 4000 சுற்றில் இரண்டாவதும் சேர்ந்துகொள்ளும். இந்த மாற்றத்தை ஆளுவது பல வால்வுகளும் மெல்லிய வேக்குவம் ஹோஸ்களும். முப்பது வருடச் சூட்டில் அவை இறுகி வெடித்துவிடும். ஒன்றில் கீறல் விழுந்தாலும் இரண்டாவது டர்போ வராது, அல்லது தடுமாறி வரும். இதைச் சரிசெய்யச் சலித்துப்போய்ப் பலர் இரண்டையும் கழற்றிவிட்டு ஒரே பெரிய டர்போ வைக்கிறார்கள். உச்ச சக்தி கூடும், கீழ்ச்சுற்றில் இழுவை போய்விடும். பந்தயத் தடத்துக்கு அது சரி. சாலையில் ஓட்டுகிற காருக்கு, ஹோஸ் அத்தனையையும் புதிதாக்கி அந்த வரிசை முறையையே வைத்துக்கொள்வதுதான் நல்லது என்பது என் உறுதியான கருத்து. உள்நாட்டு மாடலில் டர்போவின் வெளியேற்றுப் பக்கச் சக்கரம் செராமிக்கால் ஆனது. அழுத்தத்தை அளவு மீறி ஏற்றினால் அது சிதறிவிடும். ஏற்றுமதி மாடலில் உலோகச் சக்கரம் என்பதால் அது தாங்கும்.

ஆர்பி26 வேறு பிறவி. 1989-இல் ஆர்32 ஸ்கைலைன் ஜிடி-ஆர் காருக்காக, குரூப் ஏ பந்தய விதியைக் கணக்குப் போட்டு உருவாக்கியது. டர்போ எஞ்சின் என்றால் கொள்ளளவை 1.7-ஆல் பெருக்கு என்றது விதி. 2568 சிசியைப் பெருக்கினால் 4500 சிசி வகுப்புக்குள் அடங்கும். ஆறு சிலிண்டருக்கும் காற்றின் அளவை ஆளும் த்ராட்டில் தனித்தனியாக ஆறு வைத்தார்கள். பிஸ்டன் ஓட்டம் 73.7 மில்லிமீட்டர்தான், அதனால் உயர்சுற்றுக்கு ஆசையோடு ஏறும். 1990 முதல் 1993 வரை ஜப்பானிய டூரிங் கார் பந்தயங்களில் 29-க்கு 29 வெற்றி. ஆஸ்திரேலியாவின் பாத்தர்ஸ்ட் 1991, 1992 இரண்டு வருடமும் இதற்கே.

இவ்வளவு ஜெயித்த எஞ்சினின் நோய் எண்ணெயில் இருக்கிறது. ஆயில் பம்ப் கிராங்க்கின் முன்முனையில் உட்காருகிறது. ஆம், முறுக்கதிர்வு மிகுந்த அதே முனை. ஆரம்பகால ஆர்32 எஞ்சின்களில் பம்ப் பல்சக்கரம் பற்றிக்கொள்ளும் பகுதியின் அகலம் போதாது. உயர்சுற்றில் வைத்து, சுற்று எல்லை மீறாமல் தடுக்கும் லிமிட்டரில் அடிக்கடி தட்டினால் அந்தச் சக்கரம் உடைந்து, எண்ணெய் அழுத்தம் நொடியில் பூஜ்யமாகிவிடும். பிற்பாடு நிஸானே அந்த அகலத்தைக் கூட்டியது. இரண்டாவது, உயர்சுற்றில் பம்ப் மேலே எஞ்சினின் தலைப்பகுதியான ஹெட்டுக்கு அனுப்பும் எண்ணெய், அனுப்பிய வேகத்தில் கீழே இறங்குவதில்லை. நீண்ட வளைவு ஒன்றில், எண்ணெய் தேங்கும் அடித்தொட்டியான சம்ப் வற்றினால் பேரிங் போயிற்று. ஆகவே இந்த எஞ்சினில் டர்போவைத் தொடுவதற்கு முன் செலவு செய்ய வேண்டிய இடங்கள் இவை: அகலமான பற்றுப்பகுதி, உறுதியான பம்ப் சக்கரங்கள், ஹெட்டுக்குப் போகும் எண்ணெயைக் குறைக்கும் ரெஸ்ட்ரிக்டர், பின்புறம் கூடுதல் வடிகுழாய், பெரிய சம்ப், முன்முனைக்கு நல்ல டேம்பர் புல்லி. இவற்றில் எதுவும் ஒரு குதிரைத்திறனைக்கூடக் கூட்டாது. மற்ற எல்லாம் இவற்றின் மேல்தான் நிற்கும்.

பிறகுதான் சக்தி. டர்போ எஞ்சினில் ட்யூனிங் என்றால் கூடுதல் காற்று, அதற்கேற்ற பெட்ரோல், சரியான நொடியில் தீப்பொறி. ஒரு பங்கு பெட்ரோலுக்கு 14.7 பங்கு காற்று என்பது வேதியியல் கணக்கு. முழு பாரத்தில் டர்போ எஞ்சினை 12-க்கும் கீழே, கொழுத்த கலவையில் ஓட்டுவார்கள். உபரி பெட்ரோல் ஆவியாகிச் சூட்டைத் தணிக்கும். அழுத்தம் ஏறி, பெட்ரோல் பம்ப் ஈடுகொடுக்காமல் கலவை மெலிந்தால் நாக்கிங் வரும். தீப்பொறி பற்றவைத்த சுடர் வந்து சேருமுன் மூலையில் மிஞ்சிய கலவை தானே வெடித்து, பிஸ்டன் விளிம்பைத் தின்றுவிடும். ஆகவே பெட்ரோல் பம்ப், பெட்ரோலைத் தெளிக்கும் இஞ்செக்டர், காற்றைக் குளிர்விக்கும் இன்டர்கூலர் முதலில், டர்போ அழுத்தம் கடைசியில்.

டர்போ இல்லாத ஆறு சிலிண்டரில் கதை சின்னது. பிஎம்டபிள்யூவின் எம்54, 3 லிட்டரில் 231 குதிரைத்திறன் தரும் இனிமையான எஞ்சின். மென்பொருளை மாற்றினால் சில குதிரைத்திறன் கிடைக்கும், அவ்வளவே. அந்தப் பணத்தில் வால்வு திறக்கும் நேரத்தை மாற்றும் வேனோஸ் அமைப்பின் இறுகிப்போன ரப்பர் வளையங்களை மாற்றினால், தொலைந்துபோன கீழ்ச்சுற்று இழுவை திரும்பி வரும். எஞ்சினின் அடிப்பாகத்தில் சேரும் ஆவியை வெளியேற்றும் கிராங்க்கேஸ் பிரீதர் அடைத்தால் எண்ணெய் குடிக்கும். எல்லாவற்றிலும் மோசமானது பிளாஸ்டிக் கூலன்ட் தொட்டி. அது வெடித்து எஞ்சின் ஒருமுறை கொதித்துவிட்டால், அலுமினிய பிளாக்கில் ஹெட் போல்ட் மரைகள் பிடுங்கிக்கொண்டு வந்துவிடும். இந்த வகைக் காருக்கு என்னைக் கேட்டால், ரேடியேட்டர் பக்கம் செய்யும் வேலைதான் முதல் ட்யூனிங்.

2006-இல் வந்த பிஎம்டபிள்யூவின் என்54 இரட்டை டர்போ எஞ்சின் மென்பொருள் மாற்றத்துக்கு உடனே மசியும். ஆனால் உயர் அழுத்த பெட்ரோல் பம்ப் அதன் தலைவலி. பெட்ரோல் நேராக சிலிண்டருக்குள் தெளிப்பதால் உள்வால்வுகள் கழுவப்படாமல் கரி படியும். வால்நட் ஓட்டுத் தூளைப் பீய்ச்சித்தான் அதை எடுக்கிறார்கள். 2015-இல் வந்த பி58 மறுபடி மூடிய மேல்விளிம்பு பிளாக்கோடு வந்தது. 2019 சுப்ராவிலும் அதுவே. அதே பி58 பொருத்திய எம்340ஐ காரை 2021 முதல் சென்னைக்கு அருகே உள்ள பிஎம்டபிள்யூ ஆலையில் பூட்டி அனுப்புகிறார்கள்.

ட்யூன் செய்யப் புறப்படும் நேயர்களுக்குச் செலவு குறைந்த ஒரு வேலை சொல்கிறேன். முதலில் ஆறு சிலிண்டரிலும் ஏறும் அழுத்தத்தை, அதாவது கம்ப்ரஷனை, அளந்து பாருங்கள். ஒன்றில் மட்டும் குறைந்திருந்தால், வால்வுகள் எல்லாம் மூடியிருக்கும் நிலையில் அந்தப் பிஸ்டனை மேலே நிறுத்தி, ஸ்பார்க் பிளக் துளை வழியாகக் காற்றழுத்தம் கொடுத்துக் காது கொடுங்கள். சீறல் சைலன்சர் குழாயில் கேட்டால் வெளிவால்வு. ஏர் ஃபில்டர் பக்கம் என்றால் உள்வால்வு. எண்ணெய் ஊற்றும் மூடியைத் திறந்ததும் கேட்டால் பிஸ்டன் ரிங். ரேடியேட்டரில் குமிழி வந்தால் ஹெட் கேஸ்கெட். அது எதுவென்று தெரிந்து சரிசெய்த பிறகு, டர்போ விலையை விசாரிக்கலாம்.

நன்றி, வணக்கம்.