கையில் என்ன இருக்கிறது?

நேயர்களுக்கு வணக்கம். மேசையைச் சுற்றி நாலைந்து பேர் உட்கார்ந்து, ஆளுக்கொரு பாத்திரமாகி, பகடை உருட்டிக் கதை வளர்க்கும் ஆட்டங்களை ஆடுகிறவர்களுக்கான பேச்சு இது. சண்டை நடுவே ஆயுதம் மாற்றுவதையும், அம்போ தோட்டாவோ போட்டுக்கொள்வதையும் பற்றிப் பேசப் போகிறேன். சின்ன விஷயம்தான், ஆனால் மேசையில் வாக்குவாதம் பெரும்பாலும் இங்கேதான் கிளம்புகிறது. "நான் அம்பு விடுகிறேன்" என்பார் ஒருவர். "போன முறை உங்கள் கையில் வாள் அல்லவா இருந்தது?" என்பார் இன்னொருவர். பகடை உருண்டு நின்ற பிறகு இந்தக் கேள்வி வந்தால் தகராறுதான். உருட்டுவதற்கு முன்பே வந்துவிட வேண்டும்.

டன்ஜன்ஸ் அண்ட் டிராகன்ஸ் ஆட்டத்தின் 2014 விதிகளை எடுத்துக்கொள்வோம். ஒரு சுற்று என்பது கதைக்குள் 6 விநாடி. உங்கள் முறையில், தாக்குவது போன்ற முக்கியச் செயலாக ஓர் ஆக்‌ஷன் உண்டு, நகரலாம், கூடவே ஒரே ஒரு பொருளைச் செலவில்லாமல் கையாளலாம். வாளை உறையில் போடுவது ஒரு கையாளல், வில்லை எடுப்பது இன்னொன்று. இரண்டையும் செய்தால் இரண்டாவதற்கு ஆக்‌ஷனே போய்விடும். அந்த முறை அம்பு விட முடியாது. அதனால்தான் பலர் வாளைக் கீழே நழுவவிட்டு வில்லை எடுக்கிறார்கள். நழுவவிடுவதற்குப் பெரும்பாலான மேசைகளில் செலவு வைப்பதில்லை. வைக்கவும் வேண்டாம். ஆனால் வாள் எந்தக் கட்டத்தில் கிடக்கிறது என்று ஆட்ட நடத்துநர் வரைபடத்தில் குறித்துவைக்க வேண்டும். அந்தக் கட்டத்துக்கு வரும் எதிரியும் அதே ஒரு கையாளலில் அதை எடுத்துக்கொள்ளலாம். இலவசமாகக் கிடைத்த வேகத்துக்கு இதுதான் விலை. குறித்துவைக்காத மேசையில் அந்த விலையை யாரும் கொடுப்பதில்லை.

2024 பதிப்பு இந்த முடிச்சை அவிழ்த்தது. தாக்கும் ஆக்‌ஷனில் ஒவ்வொரு தாக்குதலுக்கும் முன்போ பின்போ ஓர் ஆயுதத்தை எடுக்கலாம், அல்லது வைக்கலாம். ஐந்தாம் நிலைப் போர்வீரருக்கு இரண்டு தாக்குதல். முதலில் வாளால் வெட்டி, உறையில் போட்டு, இரண்டாவது தாக்குதலுக்கு வில்லை எடுத்து அம்பு விடலாம். நல்ல மாற்றம் என்றே நினைக்கிறேன்.

கேடயத்துக்கு மட்டும் இந்தச் சலுகை கிடையாது. மாட்ட ஓர் ஆக்‌ஷன், கழற்ற ஓர் ஆக்‌ஷன். இரண்டு பதிப்பிலும் அப்படித்தான். வில்லுக்கு இரு கையும் வேண்டும் என்பதால், கேடயக்காரர் வில் சுமப்பது பெரும்பாலும் வீண்சுமை. அவருக்கு எறியீட்டிதான் பொருத்தம்: ஆறுமுகப் பகடை சேதம், 30 அடி வரை தடையில்லாமல் எறியலாம், தற்காப்புக்குக் கேடயம் தரும் 2 புள்ளியும் போகாது. ஆனால் 2014 விதியில் இங்கேயும் ஒரு பள்ளம் உண்டு. முதல் முறை ஈட்டி கையில் தயாராக இருந்தால் எறிந்து, ஒன்றை உருவி, மறுபடி எறியலாம். அடுத்த முறை கை காலி. உருவ ஒரே வாய்ப்பு, எனவே ஒரே எறிதல். இரண்டாவது தாக்குதல் வீணாகிறது. எறியும் ஆயுதத்தைத் தாக்குதலோடு சேர்த்தே உருவலாம் என்று 2024 பதிப்பு சொல்லிவிட்டதால் இந்தச் சிக்கல் போயிற்று. பழைய விதியில் ஆடுகிறவர்கள் இந்த ஒன்றை மட்டும் கடன் வாங்கிக்கொள்ளலாம், எதுவும் கெட்டுவிடாது.

இனி குறுக்குவில். நாண் ஏற்றிப் பூட்டும் ஆயுதம் என்பதால், ஓர் ஆக்‌ஷனுக்கு ஓர் அம்பு என்று விதி கட்டிப்போடுகிறது. ஒரே தாக்குதல் உள்ளவருக்கு இதனால் நஷ்டமே இல்லை. நிலை ஐந்துக்கு வந்ததும் கணக்கு மாறுகிறது. நெடுவில் எட்டுமுகப் பகடை, சராசரி 4.5. கைவேகத்துக்கு 4 கூட்டினால் 8.5, இரண்டு அம்பும் பட்டால் 17. கனத்த குறுக்குவில் பத்துமுகப் பகடை, 5.5-உடன் 4 சேர்த்து 9.5, அதோடு சரி. ஏறக்குறைய பாதி. புதிதாகப் பாத்திரம் உருவாக்குகிறவருக்கு இதை முதல் நாளே சொல்லிவிடுங்கள். குறுக்குவில் வல்லுநர் என்ற திறனை எடுத்தால் இந்தக் கட்டு அறுந்துவிடும்.

பாத்ஃபைண்டர் என்ற இன்னோர் ஆட்டத்தின் இரண்டாம் பதிப்பு வேறு வழியில் போகிறது. அங்கே முறைக்கு மூன்று ஆக்‌ஷன். ஆயுதம் உருவ ஒன்று, குறுக்குவில்லில் அம்பு போட ஒன்று, கனத்த குறுக்குவில் என்றால் இரண்டு. வில்லுக்குப் பூஜ்யம். பிடியிலிருந்து ஒரு கையை எடுக்கச் செலவில்லை, மறுபடி வைக்க ஓர் ஆக்‌ஷன். பலர் மறப்பது இதைத்தான். சாதாரணக் குறுக்குவில்லோடு நகராமல் நின்றால் எய்து, பூட்டி, எய்யலாம். அடுத்த முறை பூட்டி, எய்து, பூட்டலாம். இரண்டு முறைக்கு மூன்று அம்பு. கேட்கக் குறைவாகத் தெரியும். ஆனால் ஒரே முறையில் இரண்டாவது தாக்குதலுக்குப் பகடை எண்ணில் 5 கழிகிறது, மூன்றாவதற்கு 10. அதனால் பூட்டுவதற்காக விட்டுக்கொடுப்பது பெரும்பாலும் தவறப்போகும் அம்பைத்தான். உண்மையான ஆபத்து பக்கத்தில் நிற்கும் எதிரி. பூட்டுவது கைவேலை, அதைப் பார்த்ததும் சில எதிரிகள் எதிர்வினையாகத் தாக்கலாம். அந்த அடி மிகை வெற்றியாக, அதாவது 'கிரிட்டிக்கல்' அடியாக விழுந்தால் பூட்டும் வேலையே குலைந்துபோகும், ஆக்‌ஷனும் போகும். முதலில் ஒரு கட்டம் விலகுங்கள், பிறகு பூட்டுங்கள்.

தோட்டா எண்ணுவது எப்போது அவசியம்? சண்டைக்குள்ளேயே தீர்ந்துபோகக்கூடியதை மட்டும் எண்ணினால் போதும். சண்டை நான்கு சுற்றில் முடிகிறது என்று வைத்துக்கொள்ளுங்கள். 15 தோட்டா கைத்துப்பாக்கியைச் சுற்றுக்கு ஒருமுறை சுடுகிறவர் ஒருபோதும் காலியாக மாட்டார். அங்கே எண்ணிக்கை வெறும் எழுத்துவேலை. 6 தோட்டா ரிவால்வரைச் சுற்றுக்கு இருமுறை சுடுகிறவர் மூன்றாம் சுற்று முடிவில் காலி. அங்கே எண்ணத்தான் வேண்டும், ஏனென்றால் நான்காம் சுற்றில் ஒளிவதா, பூட்டுவதா, கத்தியை உருவுவதா என்று அவர் முடிவெடுத்தாக வேண்டும். ரிவால்வருக்கு ஓர் ஆறுமுகப் பகடையை ஆறு மேலே தெரிய வைத்து, சுடச் சுட ஒவ்வொரு எண்ணாகக் குறைத்துத் திருப்புங்கள். அதிகத் தோட்டாவுக்குப் புளியங்கொட்டை போதும்.

அம்பறாத்தூணிக்கு இன்னொரு முறை உண்டு. ஒவ்வொரு அம்புக்கும் ஒரு பகடை உருட்டுங்கள். 1 அல்லது 2 விழுந்தால் அடுத்த சின்னப் பகடைக்கு இறங்குங்கள். நான்குமுகப் பகடையிலும் அப்படி விழுந்தால் அம்பு தீர்ந்தது. பன்னிரண்டுமுகத்தில் தொடங்கினால் சராசரியாக 6, 5, 4, 3, 2 என்று மொத்தம் 20 அம்பு வரும். டன்ஜன்ஸ் அண்ட் டிராகன்ஸில் அம்பறாத்தூணியின் கொள்ளளவும் 20தான்.

கைகளுக்கும் இதேபோல் ஓர் அட்டை வேண்டும். இடக்கை, வலக்கை என்று இரண்டு கட்டம். ஆயுதத்தின் பெயரெழுதிய துண்டுச் சீட்டுகளை அவற்றில் வையுங்கள். இரு கை ஆயுதம் என்றால் சீட்டு இரண்டு கட்டத்தையும் மூட வேண்டும். மந்திரக்காரர்களுக்கு இது இன்னும் முக்கியம். டன்ஜன்ஸ் அண்ட் டிராகன்ஸில் கதாயுதமும், புனிதச் சின்னம் பொறித்த கேடயமும் ஏந்திய பூசாரி, பொருள் தேவைப்படும் 'பிளெஸ்' மந்திரத்தை அந்தக் கேடயக் கையாலேயே போடலாம். பொருள் கேட்காமல் சொல்லும் சைகையும் மட்டும் கேட்கும் 'க்யூர் வூண்ட்ஸ்' மந்திரத்துக்கு ஒரு கை காலியாக வேண்டும். கதாயுதத்தை இடுப்பில் செருகிவிட்டு நண்பரைக் குணப்படுத்துவார். ஆனால் அடுத்த முறை வரும்வரை, விலகி ஓடும் எதிரியை அடிக்க அவர் கையில் ஆயுதம் இருக்காது. வலக்கைக் கட்டம் காலியாகக் கிடப்பதை மேசையில் எல்லோரும் பார்ப்பார்கள். கேள்வி கேட்க வேண்டிய வேலையே யாருக்கும் இருக்காது.

நன்றி, வணக்கம்.