லப்டொப்பில் ஒட்டுவதை நாமே வெட்டுவோம்

நடுவர் அவர்களுக்கும், எதிரணி நண்பர்களுக்கும், கூடியிருக்கும் திருகோணமலை உறவுகளுக்கும் வணக்கம். லப்டொப்பை அழகுபடுத்தச் சிறந்தது கடையில் வாங்கும் ஸ்டிக்கரா, வைனில் என்ற ஒட்டும் பிளாஸ்டிக் தாளில் நாமே வெட்டுவதா என்று கேட்டிருக்கிறீர்கள். நாமே வெட்டுவதுதான் என்று சொல்ல வந்திருக்கிறேன்.

"கடையில் இல்லாத படமா? பிடித்ததை வாங்கி ஒட்ட வேண்டியதுதானே" என்றார் எதிரணித் தம்பி. தம்பி, பிரட்றிக் கோட்டைக்குள் மேய்கிற நம் புள்ளிமான் எந்தக் கடையில் இருக்கிறது? இந்த ஊர்ப் பிள்ளை பேராதனைக்கோ கொழும்புக்கோ படிக்கப் போகும்போது லப்டொப் மூடியில் அந்த மான் கூடவே போனால் எவ்வளவு நன்றாக இருக்கும்!

சரி, அந்த மானையே வெட்டிப் பார்ப்போம். நாம் எடுத்த படத்தை இன்க்ஸ்கேப் என்ற இலவச மென்பொருளில் போட்டு, உருவத்தின் ஓரத்தைக் கோடாக மாற்ற வேண்டும். வெட்டும் இயந்திரத்துக்கு நிறம் தெரியாது, கோடு மட்டுமே தெரியும். அப்போதுதான் கேள்வி வருகிறது: மானின் வெள்ளைப் புள்ளிகளை என்ன செய்வது? தனித்தனி வட்டங்களாக வெட்டி ஒட்டினால் கை பட்டுப் பட்டு உரிந்துவிடும். உடலிலேயே துளைகளாக வெட்டிவிட்டால்? வெள்ளி நிற மூடியே புள்ளிகளாகத் தெரியும்! ஒரு பிள்ளை இதைத் தானாகக் கண்டுபிடிக்கும்போது வரும் சந்தோஷத்தை எந்தக் கடையில் வாங்குவது, நடுவர் அவர்களே?

தமிழில் பெயர் வெட்டுவது இன்னும் நுணுக்கமான வேலை. 'கி' என்று எழுதினால், சில எழுத்துருக்களில் ககரமும் அதன் மேல் வளைவும் ஒன்றன்மேல் ஒன்று ஏறி நிற்கும். திரையில் அது தெரியாது. கத்தியோ ஏறிய இடத்தைக் குறுக்கே அறுத்துவிடும். அதனால் எழுத்தை வடிவமாக மாற்றி, இரண்டையும் ஒரே உருவாக இணைத்த பிறகுதான் வெட்ட வேண்டும். மெய்யெழுத்தின் புள்ளி வேறு தனித் துண்டு. வேண்டாத வைனிலை ஊசியால் கிளப்பி உரிக்கும்போது அதுவும் சேர்ந்து வந்துவிடும், கொஞ்சம் பெரிதாக வைத்தால்தான் தப்பும். தினமும் எழுதுகிற எழுத்தை இவ்வளவு உற்றுப் பார்க்க வேறு எப்போது வாய்க்கிறது?

"இயந்திரம் வாங்க எல்லோராலும் முடியுமா?" என்று கேட்டார் எதிரணி அக்கா. நியாயமான கேள்வி. ஓட்டோவுக்கு எழுத்து வெட்டும் ஸ்டிக்கர் கடையில் அந்த இயந்திரம் இருக்கும், படத்தின் கணினிக் கோப்பு ஒன்றை மட்டும் நாம் செய்து கொண்டுபோகலாம். எளிய படமென்றால் அதுவும் வேண்டாம் அக்கா, அடித்தாள் அறாமல் கூரான கத்தியாலேயே வெட்டிவிடலாம்.

கடைசியாக, பசை லப்டொப்பைக் கெடுக்கும் என்றார்கள். அதற்குத்தான் வைனிலைத் தெரிந்து எடுக்கிறோம். ஒராகல் 651 என்ற வைனில் வகை நிரந்தரப் பசை கொண்டது. ஒராகல் 631 கழற்றி எடுக்கக்கூடியது, லப்டொப்புக்கு அதுவே போதும். காற்றுத் துளைகளை மறைக்காமல், மூடியை ஐசோபுரொப்பைல் அல்ககோலால் துடைத்துக் காயவிட்டு, வெட்டிய உருவத்தைக் கலையாமல் தூக்கும் ட்ரான்ஸ்பர் டேப்பில் எடுத்து, நடுவிலிருந்து ஓரத்துக்கு அழுத்தி ஒட்ட வேண்டும். வேண்டாம் என்றால் ஹெயார் டிரையரால் இளஞ்சூடு காட்டி மெதுவாக உரிக்கலாம். எங்கள் வைனிலின் பசை எங்களுக்குத் தெரியும். கடையில் வாங்கும் ஸ்டிக்கரின் பின்னால் இருப்பது என்ன பசை என்று எதிரணி சொல்லட்டும், கேட்கக் காத்திருக்கிறேன். வணக்கம்.