தேயிலை மண்ணில் கோவா

(மலையகத் தோட்டப்புறங்களில் மரக்கறி செய்கை பண்ணும் சிறு விவசாயிகள் முன் ஆற்றிய உரையின் எழுத்து வடிவம்)

அக்காமாரே, அண்ணன்மாரே, பின்னால் நிற்கும் தம்பி தங்கைமாரே, அனைவருக்கும் வணக்கம்.

கோவாக் கன்று நட்டு ஒரு மாதம் ஆகிறது. காலையில் நிமிர்ந்து நிற்கிறது. பதினொரு மணி வெயிலுக்கு இலை தொங்குகிறது, பொழுது சாய மறுபடி நிமிர்கிறது. தண்ணீர் காணாது என்று நாமும் ஊற்றுகிறோம். அந்தக் கன்றை ஒருமுறை வேரோடு பிடுங்கிப் பாருங்கள். வேர் இருக்க வேண்டிய இடத்தில் இஞ்சிக் கிழங்கு மாதிரி விரல் விரலாக வீங்கி இருக்கும். இதுதான் வேர் வீக்க நோய். பிளாஸ்மோடியோபோரா என்ற நுண்ணுயிர் செய்கிற வேலை. வீங்கிய வேரால் தண்ணீரை மேலே அனுப்ப முடியாது. அதனால்தான் வெயில் ஏறியதும் கன்று வாடுகிறது.

இதைப் பலர் வட்டப்புழு, அதாவது வேரில் முடிச்சு விழ வைக்கும் நுண்புழு, என்று நினைத்து, கடையில் வட்டப்புழு மருந்தை வாங்கி ஊற்றுகிறார்கள். காசுதான் போகும். வித்தியாசம் கண்டுபிடிப்பது லேசு. வட்டப்புழு போஞ்சியிலும் வரும், கரட்டிலும் வரும், மணி மணியாக முடிச்சு விழும். வேர் வீக்கம் கோவா, நோக்கோல், கோலிபிளவர், முள்ளங்கி, கடுகு என்ற ஒரே குடும்பத்தை மட்டும்தான் பிடிக்கும். இன்னொன்று: போஞ்சி வேரில் உள்ள எல்லா உருண்டையும் நோய் அல்ல. விரலால் தேய்த்தால் உதிர்ந்து, உள்ளே இளஞ்சிவப்பாக இருந்தால், அது காற்றிலுள்ள நைதரசனைப் பிடித்துச் செடிக்குக் கொடுக்கும் முடிச்சு. அதைக் கண்டு பயந்து செடியைப் பிடுங்கிவிடாதீர்கள்.

வேர் வீக்கம் நம்முடைய பக்கத்தில் இவ்வளவு சுகமாகக் குடியிருப்பதற்குக் காரணம் மண். 1867இல் லூல்கந்துரத் தோட்டத்தில் தேயிலை நட்ட பிறகு, காலப்போக்கில் இந்த மலைகளில் பெரும்பகுதி தேயிலைக்கென்றே பராமரிக்கப்பட்டது. தேயிலைக்கு அமில மண் பிடிக்கும்; மண்ணின் அமிலத்தைக் காட்டும் பீஎச் எண் 4.5 முதல் 5.5 வரை இருந்தால் போதும். இந்த எண் குறையக் குறைய அமிலம் கூடும். மழை சுண்ணாம்புச் சத்தைக் கழுவிக்கொண்டு போனது. சல்பேட் ஒஃப் அமோனியாவும் யூரியாவும் வருடா வருடம் மண்ணை இன்னும் அமிலமாக்கின. தேயிலைக்கு அது குறையில்லை. அந்த மலையைக் கொத்தி மரக்கறி போடும்போதுதான் குறை தெரிகிறது. கோவாவுக்கு 6 முதல் 6.5 வரை வேண்டும். 5.5க்கும் 4.5க்கும் ஒன்றுதான் வித்தியாசம் என்று நினைக்க வேண்டாம், அமிலம் பத்து மடங்கு கூடுகிறது. 5க்குக் கீழே போனால் மண்ணிலுள்ள அலுமினியம் கரைந்து வேர் நுனியைக் கருக்கும். நீங்கள் காசு கொடுத்து வாங்கிப் போடும் பொஸ்பரஸ் பசளையையும் மண்ணே பிடித்து வைத்துக்கொள்ளும். 2021இல் இரசாயனப் பசளை இறக்குமதி நிறுத்தப்பட்டபோது ஒரு பிடி பசளையின் அருமை எல்லாருக்கும் தெரிந்தது. அமில மண்ணில் அந்தப் பிடியில் பாதிகூடச் செடிக்குப் போய்ச் சேராது.

ஆகவே முதல் வேலை மண் பரிசோதனை. பாத்திகளில் குறுக்கும் நெடுக்குமாக நடந்து எட்டுப் பத்து இடத்தில் 15 சென்றிமீற்றர் ஆழத்துக்கு ஆப்பு வடிவில் குழி வெட்டுங்கள். குழியின் பக்கத்திலிருந்து மேலிருந்து கீழாக ஒரு துண்டு மண் எடுங்கள். எல்லாவற்றையும் ஒரே வாளியில் போட்டுக் கலந்து, நிழலில் உலர்த்தி, அரைக் கிலோவைப் பையில் போடுங்கள். எருக் குவியல் இருந்த இடம், சாம்பல் கொட்டிய இடம், போன வாரம் பசளை போட்ட பாத்தி, இவற்றில் எடுக்க வேண்டாம்.

5க்குக் கீழே என்று முடிவு வந்தால் டொலமைட், அதாவது அமிலத்தைத் தணிக்கும் சுண்ணாம்புக்கல் மா, போட வேண்டும். 10 பேர்ச் காணிக்கு, அதாவது ஏறக்குறைய 250 சதுர மீற்றருக்கு, 50 கிலோ மூடை ஒன்று. ஒரு மீற்றர் அகலம், பத்து மீற்றர் நீளம் உள்ள பாத்திக்கு 2 கிலோ. மேலே தூவிவிட்டுப் போனால் பயனில்லை, அது இருந்த இடத்திலேயே கிடக்கும். மண்முள்ளாலோ மண்வெட்டியாலோ 15 சென்றிமீற்றர் வரை கலந்து, நடுவதற்கு மூன்று நான்கு வாரம் முந்தியே போட வேண்டும். அன்றைக்கே யூரியாவும் கோழியெருவும் போடாதீர்கள். நைதரசன் காற்றோடு போய்விடும். இரண்டு கிழமையாவது இடைவெளி விடுங்கள். மாவாக இருக்கும் டொலமைட்டை வாங்குங்கள், விரலுக்கு மணல் மாதிரிப் பட்டால் இந்தப் போகத்துக்கு அது உதவாது.

ஒரே தடவையில் இரண்டு மூன்று மூடை கொட்டி 7க்கு ஏற்றிவிடலாமா என்று கேட்பீர்கள். வேர் வீக்கம் நன்றாக அடங்குவது 7.2க்கு மேலேதான், உண்மை. ஆனால் அவசரமாக ஏற்றினால் போரன் சத்து மண்ணில் பூட்டிக்கொள்ளும். பீட்ரூட்டின் உள்ளே கறுப்பு விழும், கோலிபிளவர் தண்டு உள்ளே பொள்ளலாகும். உருளைக்கிழங்குக்குச் சொறி வரும். அந்தக் கிருமி அமில மண்ணில் அடங்கிக் கிடந்தது, நாம்தான் எழுப்பிவிட்டோம். எனவே கொஞ்சம் கொஞ்சமாக ஏற்றி, பயிரை வரிசைப்படுத்துவதுதான் வழி. டொலமைட் போட்ட கையோடு கோவா அல்லது பீட்ரூட். அடுத்து போஞ்சி, லீக்ஸ். பிறகு கரட், கரட்டுக்கு மக்காத எரு வேண்டாம், கிழங்கு கால் பிரிந்துவிடும். உருளைக்கிழங்கு கடைசியில், சுண்ணாம்பு வேகம் தணிந்த பிறகு.

கோவாவுக்கும் அடுத்த கோவாவுக்கும் நடுவே முள்ளங்கி போட்டுவிட்டு "பயிர் மாற்றினேன்" என்று சொல்வது நம்மில் பலருக்குப் பழக்கம். முள்ளங்கியும் அதே குடும்பம், நோய்க்கு அது சாப்பாடு. இந்தக் கிருமியின் வித்து மண்ணில் பதினைந்து வருடத்துக்கு மேலும் உயிரோடு கிடக்கும். வீங்கிய வேரை வடிகானில் எறிந்தால் கீழ்வீட்டுக்காரர் பாத்திக்குப் போகும். கூட்டெருவில் போட்டால் உங்கள் பாத்திக்கே திரும்பி வரும். மாட்டுக்குப் போட்டாலும் சாணத்தோடு வரும். உலர்த்தி எரித்துவிடுங்கள். நாற்று வாங்கும்போது இரண்டு கன்றைக் கழுவி வேரைப் பாருங்கள். இந்த நோய் புதுக் காணிக்குப் போகும் முக்கிய வழிகளில் ஒன்று நாற்றுமேடை. நடும் இடைவெளி 50க்கு 40 சென்றிமீற்றர். பாதையும் கானும் போக 10 பேர்ச்சில் ஆயிரம் கன்று பிடிக்கும்.

அடுத்தது கான். தேயிலை மலையில் கான் எப்படி ஓடுகிறது என்று உங்களுக்கு நான் சொல்லித்தரத் தேவையில்லை. சரிவுக்குக் குறுக்கே, உள்ளே சிறுசிறு தடுப்பு வைத்து, வண்டல் தங்கும்படி வெட்டியிருக்கும். லயத்துக்குப் பக்கத்து மரக்கறிப் பாத்திக்கு வந்ததும் அதை மறந்து மேலிருந்து கீழே நேராக வெட்டுகிறோம். தண்ணீர் சீக்கிரம் வடியும், லீக்ஸ் அழுகாது என்பது சரி. ஆனால் ஒக்டோபர், நவம்பர் மழையில் முதலில் ஓடுவது நாம் டொலமைட் கலந்த அந்த மேல்மண்தான்.

கானைச் சரிவுக்குக் குறுக்கே வெட்ட, மட்டம் பார்க்கும் சட்டம் ஒன்றை நாமே செய்யலாம். இரண்டு மீற்றர் கம்பு இரண்டை உச்சியில் கட்டி, கால்களை இரண்டு மீற்றர் விரித்து, நடுவில் குறுக்குக் கம்பு கட்டுங்கள். உச்சியிலிருந்து நூலில் ஒரு கல்லைத் தொங்கவிடுங்கள். இரண்டு முளை அடித்து அதன்மேல் கால்களை வைத்து, நூல் தொடும் இடத்தைக் குறுக்குக் கம்பில் குறியுங்கள். கால்களை மாற்றி வைத்து மறுபடி குறியுங்கள். இரண்டு குறிக்கும் நடுதான் மட்டம். இனி முன்காலில் ஒன்றரை, இரண்டு சென்றிமீற்றர் தடிப்புள்ள கட்டை ஒன்றைக் கட்டுங்கள். நூல் நடுக்குறியில் நிற்கும் இடமாகப் பார்த்து முளை அடித்துக்கொண்டே போனால், கானுக்கு ஏறக்குறைய 120 அடிக்கு ஓர் அடி சரிவு கிடைக்கும். தண்ணீர் நடந்து போகும், ஓடாது. அதே கோட்டில் 20 சென்றிமீற்றர் உயரத்துக்குப் பாத்தி எழுப்புங்கள், லீக்ஸும் அழுகாது. கானில் தங்கிய வண்டலை ஒவ்வொரு மழைக்குப் பிறகும் மேல்பாத்திக்கே அள்ளிப் போடுங்கள். வேர் வீக்கம் வந்த பாத்திக்குக் கீழேயுள்ள கான் என்றால் மட்டும், அந்த வண்டல் கோவாப் பாத்திக்குப் போகக் கூடாது.

மண் பையில் பெயர், காணியின் இடம், கடைசியாகப் போட்ட பயிர், டொலமைட் போட்ட மாதம், நான்கையும் எழுதி விவசாயப் போதனாசிரியரிடம் கொடுங்கள். பென்சிலால் எழுதுங்கள், பேனா மை ஈரத்தில் கரைந்துவிடும்.