சாவி என் இடுப்பில்

நடுவர் ஐயா அவர்களுக்கும், எதிரணியில் இருக்கும் அண்ணாமாருக்கும் தங்கச்சிக்கும், பொங்கல் வேலைகளை முடித்துவிட்டு இந்த மண்டபத்தை நிறைத்திருக்கும் தலவாக்கலை மக்களுக்கும் என் வணக்கம்.

"வாழ்க்கையில் மன நிறைவைத் தருவது மாதச் சம்பளமா, சொந்தத் தொழிலா?" இதுதான் இன்றைய தலைப்பு. சொந்தத் தொழிலே என்று பேச வந்திருக்கிறேன். எதிரணித் தலைவர் அண்ணா சற்று முன்பு என்ன சொன்னார்? சம்பளக்காரருக்கு லீவு உண்டு, ஈபிஎஃப் என்கிற ஊழியர் சேமலாப நிதி உண்டு, மாலையானால் வீடு உண்டு. கடை வைத்தவருக்கு ஞாயிற்றுக்கிழமையே கிடையாது என்றார். நீங்கள் கைதட்டினீர்கள். அவர் சொன்னதில் உண்மை இருப்பதால் நானும் தட்டினேன்.

பதிலுக்கு முதலில் என் அம்மாயியை, அம்மாவின் அம்மாவைப் பற்றிச் சொல்ல வேண்டும். 1867-இல் லூல்கந்துர தோட்டத்தில் ஜேம்ஸ் டெய்லர் தேயிலை நட்டதிலிருந்து இலங்கை மலையகத்தில் நம் நேரம் நம் கையில் இருந்ததில்லை. விடியுமுன் தப்பு மேளம் அடித்து எழுப்பினார்கள். ஆள் எண்ணி வேலை பிரிக்கிற பிரட்டுக்குப் போய் நின்றால்தான் பேர் விழும், அதாவது ஒரு நாள் சம்பளம் கணக்கில் ஏறும். அன்றைக்குக் கொழுந்து குறைந்துபோனால் அரைப்பேர். கண் தெரியாமல் படுக்கையில் கிடந்த காலத்திலும் அம்மாயி தூக்கத்தில் "அரைப்பேருதான் போட்டாக, அரைப்பேருதான் போட்டாக" என்று முனகுவார். காலையிலிருந்து மலையில் நின்றவர் முழு மனுஷி. கணக்கில் விழுந்தது பாதிப் பேர். ஒரு நாளைக்கு ஆயிரம் ரூபாய் வேண்டும் என்று நாம் எத்தனை வருஷம் ரோட்டில் நின்றோம்! 2021 மார்ச்சில்தான் அது வந்தது. 2024-இல் 1350 ஆனது. நம் ஒரு நாளின் விலையை யாரோ எங்கோ உட்கார்ந்து பேசி முடித்தார்கள். என் தையல் கடைச் சுவரில் லைனிங் வைத்த பிளவுஸுக்கு இவ்வளவு என்று எழுதி மாட்டியிருக்கிறதே, அதை எழுதிய கை இந்தக் கை. எங்கள் குடும்பத்தில் தன் உழைப்புக்குத் தானே விலை எழுதிய முதல் ஆள் நான். அந்த அட்டையை மாட்டிய அன்று எனக்குக் கண் கலங்கியது.

சம்பளம் எனக்குத் தெரியாத விஷயம் என்று நினைக்க வேண்டாம். பத்தொன்பது வயதில் கட்டுநாயக்கப் பக்கம் ஒரு ஆடைத் தொழிற்சாலைக்குப் போனேன். பெயர் வேண்டாம். ஆறு வருஷம் ஜூக்கி மெஷினில் காலர் தைத்தேன். பிறந்தது தோட்டத்து லைன் வீட்டில், வேலை பார்த்ததும் தொழிற்சாலை மெஷின் லைனில். மணிக்கு எத்தனை காலர் என்று போர்டில் எழுதிப் போடுவார்கள். அம்மாவுக்கு ஆப்பரேஷன் என்று வீட்டிலிருந்து போன் வந்தது. மூன்று நாள் லீவு கேட்டேன், ஷிப்மென்ட் இருக்கிறது என்று ஒரு நாள் கொடுத்தார்கள். ராத்திரி பஸ் பிடித்து ஹட்டன் வந்து, அங்கிருந்து ஆஸ்பத்திரிக்குப் போய்ச் சேர்ந்தபோது அம்மாவை உள்ளே கொண்டுபோய் விட்டார்கள். வாசலில் அவரது செருப்பு மட்டும் இருந்தது. நல்லவேளை, அம்மா பிழைத்தார். அந்த மாதம் ஒழுங்காக வேலைக்கு வந்ததற்கான கொடுப்பனவு மட்டும் எனக்கு வெட்டுப்பட்டது. சம்பளத்தோடு லீவு சட்டத்தில் இருக்கிறது என்று அண்ணா எடுத்துக் காட்டினார். இருக்கிறது ஐயா. ஆனால் தாளில் இருக்கிற லீவு, அம்மா படுத்திருக்கிற அன்றைக்குக் கைக்கு வர வேண்டுமே!

சரி, சொந்தக் கடை போட்டதும் எல்லாம் மாறிவிட்டதா? இல்லை. எதிரணி கேட்கும் முன்பே சொல்லிவிடுகிறேன்.

முதல் இரண்டு வருஷம் வந்த துணியையெல்லாம் வாங்கிப் போட்டேன். வேண்டாம் என்றால் ஆள் அடுத்த கடைக்குப் போய்விடுமே என்ற பயம். தீபாவளிக்கு முந்தின இரவு மூன்று மணிக்கும் மெஷின் ஓடிக்கொண்டிருந்தது. மகளுக்கு அப்போது ஐந்து வயது. வெட்டும் மேசைக்கு அடியில் வெட்டுத்துணிக் குவியலில் சுருண்டு தூங்கிவிட்டாள். அவளுக்காக எடுத்த நீலத் துணி மடிப்புக் கலையாமல் அதே மேசைமேல் கிடந்தது. காலையில் கோயிலுக்குப் போனோம். நான் தைத்த உடுப்பில் ஊர்ப் பிள்ளைகள் எல்லாம் நிற்கிறார்கள், என் பிள்ளை மட்டும் போன வருஷத்துக் கவுனில், முதுகில் ஒரு பொத்தான் இல்லாமல் நின்றாள். ஒன்றும் கேட்கவில்லை. பொத்தான் இல்லாத இடத்தைக் கையால் மூடிக்கொண்டு நின்றாள்.

இப்படி உழைப்பது உடம்பையும் தின்னும். உலக சுகாதார நிறுவனமும் சர்வதேசத் தொழில் அமைப்பும் சேர்ந்து 2021-இல் வெளியிட்ட ஆய்வில், வாரத்துக்கு 55 மணித்தியாலமும் அதற்கு மேலும் வேலை செய்கிறவர்களுக்கு, 35 முதல் 40 மணித்தியாலம் வேலை செய்கிறவர்களைவிடப் பக்கவாதம் வரும் ஆபத்து 35 சதவீதம் அதிகம் என்று சொல்லியிருக்கிறார்கள். நான் அந்த 55-ஐ வியாழக்கிழமையே தாண்டிக்கொண்டிருந்தேன்.

நடுவர் ஐயா, இந்த இடத்தைக் கொஞ்சம் கவனிக்க வேண்டும். தொழிற்சாலையில் நடந்த தவறைத் திருத்த என்னால் முடியவில்லை. யாரிடம் சொல்வது என்றுகூடத் தெரியவில்லை. கடையில் நடந்த தவறைத் தீபாவளிக்கு அடுத்த வாரமே திருத்தினேன். ஆர்டர் எழுத ஒரு பெரிய சிஆர் கொப்பி வாங்கினேன். லைனிங் வைத்த பிளவுஸ் ஒன்றுக்கு எனக்கு மூன்று மணித்தியாலம் போகும். அப்படியானால் பண்டிகைக்கு முந்தின ஆறு வாரத்தில் என் கைக்கு எத்தனை முடியும் என்று உட்கார்ந்து கணக்குப் போட்டேன். அடுத்த பண்டிகைக்கு ஆர்டர் அந்த எண்ணிக்கையைத் தொட்டதும் கொப்பியை மூடி, "ஆர்டர் முடிந்தது" என்று கதவில் எழுதி ஒட்டினேன். அந்தக் கொப்பியில் முதல் பெயராக மகள் பெயரை எழுதியிருந்தேன். அடுத்த கடைக்குப் போனவர்கள் போனார்கள். அதில் பாதிப் பேர் மறு வருஷம் நேரத்தோடே துணியைக் கொண்டுவந்து கொடுத்துவிட்டார்கள்.

ஞாயிற்றுக்கிழமைக்கு வருகிறேன். உண்மைதான் அண்ணா, எனக்கு ஞாயிறு இல்லை. தோட்டத்துச் சனம் டவுனுக்கு இறங்கி வருவதே ஞாயிற்றுக்கிழமையில்தான், அன்றைக்குக் கடையைப் பூட்டினால் அவர்கள் எப்போது வருவார்கள்? ஆகவே என் ஞாயிறை செவ்வாய்க்கிழமைக்கு மாற்றிவிட்டேன். பாடசாலை ஒன்றரைக்கு விடும். கேட்டில் நான் நிற்பேன். இரண்டு பேரும் ஸ்டேஷன் பக்கமாக நடந்து வீட்டுக்குப் போவோம். சுடச்சுட ரொட்டியும் கட்டச் சம்பலும், அப்புறம் அவள் பாட்டுக்கு வகுப்பில் நடந்ததையெல்லாம் சொல்லுவாள். வேறு எந்தக் கிழமையிலும் அவள் அவ்வளவு பேசுவதில்லை.

சிவனொளிபாதமலை அடிவாரத்தில், நல்லதண்ணி ஊரில் தேநீர்க் கடை போடுகிற எங்கள் மாமாவுக்கு இந்தக் கணக்கும் சரிவராது. மார்கழிப் போயாவில், அதாவது பௌர்ணமியில், மலைக்கு யாத்திரை சீசன் தொடங்கினால் வெசாக் போயா வரைக்கும் அவருக்கு இரவும் பகலும் ஒன்றுதான். வெசாக் முடிந்ததும் தகரத்தைக் கழற்றி அடுக்கிவிட்டு வீட்டுக்கு வந்துவிடுவார். மழைக்காலம் முழுக்கப் பேரப்பிள்ளைகளோடுதான். தராசு ஒவ்வொரு நாளும் நேராக நிற்க வேண்டும் என்று எதிரணி நினைக்கிறது. மாமாவின் தராசு வருஷத்துக்கு ஒருமுறை நேராகிறது, அது அவருக்குப் போதும்.

ஈபிஎஃப் பற்றிப் பேசினார்கள். தொழிலாளி 8 சதவீதம், முதலாளி 12 சதவீதம். நல்ல ஏற்பாடு, குறை சொல்ல மாட்டேன். எனக்கு அந்த 12 போட ஆள் இல்லை என்பதும் உண்மை. ஆனால் சுயதொழில் செய்கிறவர்களுக்குச் சமூகப் பாதுகாப்புச் சபையின் ஓய்வூதியத் திட்டம் இருக்கிறது. நான் அதில் கட்டுகிறேன். கடை வைத்திருக்கும் தங்கச்சிமார் யாராவது இங்கே இருந்தால், தயவுசெய்து பிரதேச செயலகத்தில் போய் விசாரியுங்கள். இன்னொன்றும் கேட்டுக்கொள்கிறேன்: வாராவாரம் கட்டுகிற கிழமைக் கடன் வாங்கிப் பண்டிகைக்குத் துணி இறக்காதீர்கள். கிழமைக்குக் கிழமை வாசலில் ஆள் வந்து நின்றால், சொந்தக் கடை திரும்பவும் பிரட்டுக்களம் ஆகிவிடும்.

நிலையான சம்பளம் என்கிறார்கள். 2022 செப்டம்பரில் விலைவாசி ஒரு வருஷத்துக்கு முன்பிருந்ததைவிடக் கிட்டத்தட்ட 70 சதவீதம் ஏறி நின்றதே, அப்போது சம்பளம் நிலையாகத்தான் நின்றது, அரிசி நிற்கவில்லை. அந்த வருஷம் மார்ச் கடைசியில் ஒரு நாளைக்கு 13 மணித்தியாலம் வரைக்கும் கரண்ட் போனது. என் கரண்ட் மெஷின் ஊமையானது. அம்மாவின் பழைய மிதி மெஷினைத் துடைத்து, எண்ணெய் விட்டு, வாசல் வெளிச்சத்தில் போட்டு மிதித்தேன். புதுத் துணி வாங்க யாரிடமும் காசில்லை. அண்ணனின் காற்சட்டையைத் தம்பிக்குச் சுருக்கித் தரச் சொல்லி வந்தார்கள். என்ன தைப்பது, எதில் தைப்பது, யாருக்குக் கடனுக்குத் தைத்துக் கொடுப்பது என்று அன்றன்றைக்கு முடிவெடுத்தேன். பயமாக இருந்தது. இருந்தும் ஒரு நாளும் சும்மா உட்காரவில்லை.

ஐயா, இங்கே வருவதற்கு நான் யாரிடமும் லீவு கேட்கவில்லை. "நாளை காலை எட்டரைக்குத் திறக்கும்" என்று அட்டையைத் தொங்கவிட்டுப் பூட்டிவிட்டு வந்தேன். சாவி என் இடுப்பில் இருக்கிறது. மூன்றாவது வரிசையில் நீலக் கவுன் போட்டு உட்கார்ந்திருக்கிறாளே, அவள்தான் என் மகள். முதுகில் ஆறு பொத்தானும் இருக்கிறது. தீர்ப்பைக் கேட்டுவிட்டு, இரண்டு பேரும் நடந்தே வீட்டுக்குப் போகப் போகிறோம்.

நன்றி, வணக்கம்.