தீவில் யாரோடு நடப்பது

நேயர்கள் அனைவருக்கும் வணக்கம்.

முழுஆண்டுத் தேர்வு நெருங்கும் இந்த நாட்களில், பரமக்குடியிலிருந்தும் முதுகுளத்தூரிலிருந்தும் கமுதியிலிருந்தும் என் உறவினர்களும் பழைய மாணவர்களும் ஒரே கேள்வியைத்தான் கேட்கிறார்கள். கையில் அதிகப் பணமில்லை, பிள்ளைகளை இரண்டு நாள் எங்காவது அழைத்துப் போக வேண்டும், எங்கே போகலாம் என்கிறார்கள். இந்தக் கடற்கரையில் முப்பது ஆண்டுகளுக்கு மேல் புவியியல் கற்பித்தவள் என்ற முறையில் நான் எல்லோருக்கும் சொல்லும் பதில், நம் வாசலிலேயே கிடக்கும், இராமேசுவரம் இருக்கும் பாம்பன் தீவுக்குப் போங்கள் என்பதுதான். பணியில் இருந்தபோது மாணவர்களையும், ஓய்வு பெற்றபின் என் பேரப்பிள்ளைகளையும் அங்கே பலமுறை அழைத்துச் சென்றிருக்கிறேன். ஒவ்வொரு பயணத்தின் செலவையும் ஒரு நோட்டில் எழுதி வைக்கும் பழக்கம் எனக்கு உண்டு. அந்த நோட்டைப் புரட்டிப் பார்த்துத்தான் இன்று பேச வந்திருக்கிறேன்.

இராமேசுவரத்துக்குக் காது குத்துக்கும், தை அமாவாசைக்கும், திதி கொடுக்கவும் போய் வருகிறவர்கள் நாம். அதனாலேயே அது ஒரு தீவு என்பது நமக்கு மறந்துபோகிறது. அந்தமானுக்கும் இலட்சத்தீவுக்கும் போவதற்குச் சீட்டுப் போட்டுப் பணம் சேர்க்கும் குடும்பங்களை எனக்குத் தெரியும். அவர்கள் தேடிப் போகும் பவளப்பாறையும் தெளிந்த கடலும் மணல்திட்டும் இங்கேயே இருக்கின்றன. 1914-ஆம் ஆண்டு பிப்ரவரியில் ரயில் பாலம் திறக்கப்பட்டது. சாலைப் பாலம் 1988 அக்டோபர் 2-ஆம் நாள்தான் திறக்கப்பட்டது. அதுவரை ரயிலோ படகோ இல்லாமல் அந்தக் கரைக்குப் போக வழியே கிடையாது என்று சொன்னால், இன்றைய பிள்ளைகள் வியப்போடு கேட்கிறார்கள். 2025 ஏப்ரலில், ஒரு பகுதி மட்டும் செங்குத்தாக மேலே உயரும் புதிய ரயில் பாலமும் திறக்கப்பட்டுவிட்டது.

பேருந்தில் பாலத்தைக் கடக்கும்போது பிள்ளைகளைச் சன்னல் ஓரத்தில் உட்கார வையுங்கள். மண்டபத்திலிருந்து போகையில் வலப்பக்கம் இருப்பது மன்னார் வளைகுடா, நம் மீனவர்கள் சொல்லும் தென்கடல். இடப்பக்கம் இருப்பது பாக் விரிகுடா, அவர்களுடைய வடகடல். கச்சான் என்னும் தென்மேற்குக் காற்று வீசும் மாதங்களில் தென்கடல் நுரைத்துப் பொங்கிக்கொண்டிருக்க, வடகடல் தட்டில் ஊற்றிய தண்ணீர்போல் அசையாமல் கிடக்கும். வாடைக் காற்றுக் காலத்தில் இது அப்படியே மாறிவிடும். ஒரு சாலையின் இரு பக்கமும் இரண்டு கடல்களை இத்தனை அருகில் வைத்துப் பார்ப்பதற்குப் பேருந்துக் கட்டணம் மட்டுமே ஆகிறது.

என் நோட்டில் மிக அதிகச் செலவான பயணமே மிகக் குறைவாகப் பார்த்த பயணமாகவும் இருக்கிறது. ஏழெட்டு ஆண்டுகளுக்கு முன், பரமக்குடியிலிருக்கும் என் அக்கா குடும்பமும் எங்கள் குடும்பமுமாகப் பதினொரு பேர், ஒரு ஏற்பாட்டாளர் மூலம் வேன் பேசிப் போனோம். ஒரே நாளில் பதினான்கு இடங்கள் என்று எழுதிக் கொடுத்திருந்தார். ஒவ்வோர் இடத்திலும் இருபது நிமிடம். இறங்குவதற்குள் ஐந்து நிமிடமும், திரும்ப ஏறி எண்ணிப் பார்ப்பதற்குள் ஐந்து நிமிடமும் போய்விடும். தனுஷ்கோடியில் இடிந்த தேவாலயத்தின் முன் எல்லோரும் படம் எடுத்துக்கொண்டோம். அப்போது என் அக்காவின் பேத்தி, இந்தச் சுவரில் ஏன் இத்தனை ஓட்டைகள் இருக்கின்றன என்று கேட்டாள். அவளுக்கு விளக்கிச் சொல்ல நான் வாய் திறப்பதற்குள் வேன் ஒலிப்பானை அழுத்திவிட்டார்கள். அந்தக் கேள்வியை அங்கேயே விட்டுவிட்டு வந்தோம். அந்த ஒரு நாளுக்குச் சாப்பாடு நீங்கலாக ஒன்பதாயிரம் ரூபாய் செலவு என்று நோட்டில் எழுதியிருக்கிறேன்.

அதன்பின் நான் வகுத்துக்கொண்ட கணக்கு மிக எளியது. போக்குவரத்தில் சிக்கனம் செய்யலாம். அரசுப் பேருந்தும் பயணிகள் ரயிலும் இருக்கின்றன. தங்குமிடத்தில் சிக்கனம் செய்யலாம். இராமேசுவரத்தில் சத்திரங்களும் மடங்களும் இன்றும் உண்டு, சிறிய விடுதியானாலும் இரவு படுக்க ஓர் அறை போதும். சாப்பாட்டில் முதல் நாளுக்குப் புளியோதரையும் தயிர்சாதமும் கட்டிக்கொண்டு போகலாம். ஆனால் வழிகாட்டியில், கைடு என்று நாம் சொல்லும் அந்த மனிதரில், சிக்கனம் செய்யவே கூடாது. வேனுக்குக் கொடுக்க இருந்த பணத்தில் ஒரு சிறு பங்கை, அந்த மண்ணிலேயே பிறந்து வளர்ந்த ஒருவருக்குக் கொடுத்து, அரை நாள் அவரோடு நடந்தால் போதும். வேறு எங்கே குறைத்தாலும் இங்கே குறைக்காதீர்கள் என்பதை மீண்டும் ஒருமுறை சொல்கிறேன், ஏனென்றால் பெரும்பாலான குடும்பங்கள் முதலில் கைவைப்பது இங்கேதான்.

அடுத்த ஆண்டு மாசி மாதம், அதே பேத்தியையும் என் பேரனையும் அழைத்துக்கொண்டு மறுபடி தனுஷ்கோடிக்குப் போனேன். சாலையோரம் சங்கும் பாசிமணியும் விற்றுக்கொண்டிருந்த ஓர் அம்மா, நாற்பது வயது இருக்கும், கம்பிப்பாட்டைச் சேர்ந்தவர். அரை நாள் எங்களோடு வர முடியுமா என்று கேட்டபோது, சற்றுத் தயங்கி, கடையைத் தம் மகனிடம் ஒப்படைத்துவிட்டு வந்தார். பிள்ளைகள் அவரை அக்கா என்றார்கள். அவர் என்னை டீச்சர் என்றார்.

தேவாலயச் சுவரின் அருகே போனதும் பேத்தி பழைய கேள்வியைக் கேட்டாள். அந்த அம்மா அவள் கையைப் பிடித்துச் சுவரின்மேல் வைத்துத் தடவச் சொன்னார். அது செங்கல்லும் இல்லை, மலையில் வெட்டிய கல்லும் இல்லை. கடலிலிருந்து எடுத்த முருகைக்கல், அதாவது பவளப்பாறை. ஒவ்வொரு துளையும் ஒரு சிறிய உயிர் குடியிருந்த வீடு. பவளத்தைக் கடலிலிருந்து எடுப்பது இப்போது சட்டப்படி குற்றம் என்பதையும், யாராவது விற்றால் வாங்கக்கூடாது என்பதையும் அவரே பிள்ளைகளுக்குச் சொன்னார். கடல் விளைபொருளை விற்றுப் பிழைக்கும் ஒருவர் வாயிலிருந்து அந்தச் சொல் வந்ததால்தான் பிள்ளைகள் அதை இன்றுவரை மறக்கவில்லை என்று நினைக்கிறேன்.

1964 டிசம்பர் 22-ஆம் நாள் இரவு அடித்த புயலைப் பற்றி அவர் தம் பெற்றோரிடம் கேட்டதைச் சொன்னார். பாம்பனிலிருந்து நூற்றுக்கும் மேற்பட்டவர்களோடு வந்த 653-ஆம் எண் பயணிகள் ரயிலை, தனுஷ்கோடி நிலையத்தை எட்டும் தறுவாயில் கடல் கொண்டுபோனது. சென்னையிலிருந்து ரயிலில் வந்து, இங்கே கப்பல் ஏறி, தலைமன்னாரில் இறங்கி, மறுபடி ரயிலில் கொழும்புக்குப் போகும் போட்மெயில் பயணமும் தனுஷ்கோடியைப் பொறுத்தவரை அந்த இரவோடு முடிந்தது. மனிதர் வாழத் தகுதியற்ற இடம் என்று அரசு அறிவித்த பிறகும் மீனவக் குடும்பங்கள் இங்கே திரும்பி வந்து குடிசை போட்டன. இதைக் கேட்டதும் என் பேரன், குடிக்கத் தண்ணீருக்கு என்ன செய்தார்கள் என்று கேட்டான். இந்தக் கேள்வியைப் பற்றி நான் கொஞ்சம் விரிவாகச் சொல்ல வேண்டும், நேயர்கள் பொறுத்துக்கொள்ள வேண்டும்.

அந்த அம்மா பதில் சொல்லாமல் எங்களை மணலில் நடத்திக்கொண்டு போனார். ஒரு பக்கம் வடகடல் தெரிகிறது, மறுபக்கம் தென்கடல் இரைகிறது, நடுவில் நாங்கள் நிற்கும் மணல் மேட்டின் அகலம் சில நூறு அடிதான். அங்கே ஒரு சிறு பள்ளம் இருந்தது. இடுப்பளவுகூட ஆழமில்லை. அடியில் ஓர் அகன்ற பாத்திரம் கொள்ளும் அளவுக்குத் தண்ணீர் ஊறி நின்றது. அவர் ஒரு கொட்டாங்கச்சியால், அடிமணல் கலங்காமல், மேலாக மொண்டு என் பேரனிடம் கொடுத்தார். அவன் உப்புக் கரிக்கும் என்று முகத்தைச் சுளித்துக்கொண்டே நாக்கில் பட வைத்தான். பிறகு முழுவதையும் குடித்துவிட்டு இன்னும் கேட்டான். நாங்கள் எல்லோரும் குடித்தோம். கடலுக்கு இத்தனை அருகில், மழைநீரைப்போல இனித்த தண்ணீர் அது.

"ஆழமாத் தோண்டக் கூடாது டீச்சர், ஆசைப்பட்டு ஆழமாத் தோண்டினா உப்பு ஏறிரும்" என்றார் அவர். கரும்பலகையில் படம் வரைந்து நான் பல ஆண்டுகள் நடத்திய பாடம் இதுதான். ஐப்பசி, கார்த்திகையில் பெய்யும் மழை மணலில் இறங்குகிறது. நன்னீர் உப்புநீரைவிட எடை குறைந்தது. அதனால், மணலுக்கு அடியில் இருக்கும் கடல்நீரின்மேல் அது பாய் விரித்தாற்போல் படுத்துக்கொள்கிறது. மணல் இடையில் இருப்பதால் இரண்டும் எளிதில் கலப்பதில்லை. மேலாக, கொஞ்சம் கொஞ்சமாக எடுத்தால் ஊறிக்கொண்டே இருக்கும். பேராசையோடு ஆழ்ந்து எடுத்தால் கீழிருக்கும் உப்புநீர் மேலே வந்துவிடும், பிறகு அந்த ஊற்று தேறுவதற்கு நாளாகும். ஒரு பள்ளம் வற்றினால் அதை மணல் போட்டு மூடிவிட்டுச் சற்றுத் தள்ளி வேறொன்று தோண்டுவார்களாம். எந்த இடத்தில் தோண்டலாம் என்பதை மணலைப் பார்த்தே பெண்கள் சொல்லிவிடுவார்களாம்.

இத்தனை ஆண்டுகள் அந்தப் பாடத்தை நடத்திய நான், அந்தத் தண்ணீரை அன்றுதான் முதன்முதலாகக் குடித்தேன். அதற்கு முன் ஆறேழு முறை தனுஷ்கோடிக்குப் போயிருக்கிறேன். அந்தப் பள்ளங்களுக்கு அருகிலேயே நடந்திருப்பேன். காட்டுவதற்கு ஆள் இல்லாததால் கண்ணில் படவில்லை. வழிகாட்டியில் சிக்கனம் கூடாது என்று நான் திரும்பத் திரும்பச் சொல்வதற்கு இந்த ஒரு கொட்டாங்கச்சித் தண்ணீர்தான் காரணம்.

திரும்பும் வழியில் கரைவலை இழுத்துக்கொண்டிருந்தார்கள். அந்த அம்மா சொன்னதால் பிள்ளைகளையும் கயிற்றில் கை வைக்க விட்டார்கள். வலை கரையேற ஒரு மணி நேரத்துக்கு மேல் ஆயிற்று. எங்களை யாரும் அவசரப்படுத்தவில்லை. அவருக்கு அன்று அறுநூறு ரூபாய் கொடுத்தேன். எங்கள் எல்லோருக்கும் இரண்டு நாளும் சேர்த்து, பேருந்து, அறை, சாப்பாடு, அவருடைய கூலி உட்பட, வேனுக்குக் கொடுத்ததில் பாதிகூட ஆகவில்லை.

வழிகாட்டியை எப்படித் தேர்ந்தெடுப்பது என்று கேட்பீர்கள். கூலியை முதலிலேயே பேசி முடித்துவிடுங்கள். பேசிய பிறகு குறைக்காதீர்கள். எத்தனை இடம் காட்டுவீர்கள் என்று கேட்காமல், உங்கள் ஊர் எது, என்ன தொழில் என்று கேளுங்கள். கடைக்கு அழைத்துப் போவதில் குறியாக இருப்பவரை நாகரிகமாக மறுத்துவிடுங்கள். கோயிலுக்குள்ளும் இது பொருந்தும். இருபத்திரண்டு தீர்த்தங்களையும் ஓடி ஓடி நனைந்துவிட்டு வருவதற்கும், தீர்த்தத்துக்குத் தீர்த்தம் நீரின் சுவை எப்படி மாறுகிறது என்று அறிந்தவரோடு நிதானமாகப் போவதற்கும் உள்ள வேறுபாட்டை, போய் வந்தவர்கள் உணர்வார்கள். நீண்ட பிராகாரத்தில் பெரியவர்கள் சற்று உட்கார்ந்து இளைப்பாறவும் நேரம் ஒதுக்குங்கள். நடக்க முடியாத முதியவர் உடன் வந்தால், அவருக்காக மட்டும் ஓர் ஆட்டோ வைத்துக்கொள்வது சிக்கனத்துக்கு எதிரானதாகாது.

போகும் காலத்தையும் சொல்லிவிடுகிறேன். மாசி, பங்குனி மிக நல்லது. மழை முடிந்து ஊற்றுகளில் நீர் இருக்கும், இரு கடலும் அடங்கியிருக்கும், பூநாரைகளையும் காணலாம். பள்ளி விடுமுறையில்தான் முடியும் என்பவர்கள், வைகாசியில் கச்சான் வலுப்பதற்கு முன், சித்திரையிலேயே போய் வந்துவிடுங்கள். தனுஷ்கோடிக்குக் காலை ஏழு மணிக்குள் போய்விட வேண்டும். பத்து மணிக்குமேல் அந்த மணலில் குழந்தைகள் கால் வைக்க முடியாது. மாலையில் வண்டிகளை உள்ளே விடுவதை நிறுத்திவிடுவார்கள் என்பதையும் மனத்தில் வையுங்கள்.

குருசடைத் தீவைப் பற்றி விரிவாகச் சொல்வதற்காகக் குறிப்பு எழுதிக் கொண்டுவந்தேன். நிலையத்தார் கடிகாரத்தைக் காட்டுகிறார்கள், ஆகவே சுருக்கமாகச் சொல்கிறேன். மன்னார் வளைகுடா கடல்சார் தேசியப் பூங்காவின் இருபத்தொரு தீவுகளில் ஒன்று அது. தன் விருப்பத்துக்குப் போய் இறங்க முடியாது. பாம்பனுக்குத் தெற்கே குந்துகாலிலிருந்து வனத்துறை ஏற்பாடு செய்யும் படகில்தான் போக வேண்டும். 1897 சனவரி 26-ஆம் நாள் விவேகானந்தர் மேலைநாட்டிலிருந்து திரும்பி வந்து இறங்கிய கரை இந்தக் குந்துகால்தான். அங்கே நினைவு மண்டபம் இருக்கிறது. முதுகெலும்பில்லாத உயிர்களுக்கும் நமக்கும் இடைப்பட்ட உறவைக் காட்டுவதாக உயிரியலார் போற்றும் பலனோகிளாசஸ் என்ற புழு, குருசடையின் மணலில் வாழ்கிறது. காற்று மிகுந்த நாளில் படகு விடமாட்டார்கள், அதனால் முதல் நாளே விசாரித்துக்கொண்டு போங்கள்.

தொண்டிப் பக்கத்து நேயர்களுக்கு ஒரு வார்த்தை. உங்களுக்கு இன்னும் அருகிலேயே காரங்காட்டில், அலையாத்திக் காட்டுக்குள் படகில் அழைத்துப் போகிறார்கள். படகில் உடன் வருகிறவர்கள் அந்த ஊர்க்காரர்களே. தொப்பியும் தண்ணீரும் எடுத்துக்கொள்ளுங்கள், பிளாஸ்டிக் பைகளை வீட்டிலேயே விட்டுவிடுங்கள். வணக்கம்.