முல்லை பாலையாகும் ஓசை

நடுவர் அவர்களே, அவையோரே, வணக்கம்.

'கோடையைப் பாடும் கவிதை நெஞ்சில் நிற்பது பொருளாலா, யாப்பாலா?' இதுதான் இன்றைய தலைப்பு. யாப்பால்தான், அதாவது செய்யுளின் ஓசைக் கட்டமைப்பால்தான் என்று சொல்ல வந்திருக்கிறேன். எனக்கு முன் பேசிய எதிரணித் தோழி, "வெயிலைச் சொல்ல எதுகை எதற்கு? மே மாதம் மதியம் இரண்டு மணிக்கு மயிலாப்பூர் மாட வீதியில் நடந்து பாருங்கள், போதும்" என்றார். சரி, நடந்திருக்கிறேன். கடற்காற்று வராத நாளில் அந்தத் தெரு எப்படிக் கொதிக்கும் என்று எனக்கும் தெரியும். ஆனால் அந்தச் சூட்டை மார்கழியில் படித்தாலும் உணரவைக்கும் ஐந்து அடிகள் சிலப்பதிகாரத்தில், காடுகாண் காதையில் இருக்கின்றன.

வேனலங் கிழவனொடு வெங்கதிர் வேந்தன்
தானலந் திருகத் தன்மையிற் குன்றி
முல்லையும் குறிஞ்சியும் முறைமையின் திரிந்து
நல்லியல் பிழந்து நடுங்குதுயர் உறுத்துப்
பாலை யென்பதோர் படிவங் கொள்ளும்

வெயில் முற்றினால் காடாகிய முல்லையும் மலையாகிய குறிஞ்சியும் வளம் கெட்டு, வறண்ட பாலையாகும். பொருள் இவ்வளவுதான். சொல்லிவிட்டேன், யாருக்காவது தொண்டை வறண்டதா?

இப்போது அசை பிரிப்போம். புள்ளி வைத்த ஒற்றைக் கணக்கில் சேர்க்காமல், ஓரெழுத்தில் நிற்கும் அசை நேர், ஈரெழுத்து இணைந்து ஓடும் அசை நிரை. அகவல் இது, அடிக்கு நான்கு சீர், இங்கே சீருக்கு இரண்டு அசை; தேமா (நேர் நேர்), புளிமா (நிரை நேர்), கூவிளம் (நேர் நிரை), கருவிளம் (நிரை நிரை) என்பவை சீர்களின் பெயர்கள். மூன்றாம் அடி கூவிளம், கருவிளம், கருவிளம், புளிமா. எட்டு அசையில் ஆறு நிரை. நாக்கு தடையில்லாமல் ஓடுகிறது, நிலத்தில் இன்னும் ஈரம் இருக்கிறது. ஐந்தாம் அடிக்கு வாருங்கள். தேமா, கூவிளம், புளிமா, தேமா. எட்டில் ஆறு நேர். அப்படியே தலைகீழ்! ஓடிய நாக்கு, களைத்தவன் கால்போல ஒவ்வோர் அசையிலும் நின்று நின்று போகிறது.

எதுகையை, அதாவது அடிகளின் இரண்டாம் எழுத்து ஒன்றி வருவதைக் கேளுங்கள். முல்லை, நல்லியல்: லகரம் இரட்டித்து நிற்கிறது. அடுத்த சொல்லே 'இழந்து'. அப்புறம் பாலை. ஒற்று வற்றிப்போய் ஒற்றை 'லை' மட்டும் மிச்சம். இளங்கோவடிகள் இதை எண்ணிச் செய்தாரோ, அவர் காது செய்ததோ, எனக்கு ஒவ்வொரு முறையும் சிலிர்க்கிறது.

முதலெழுத்து ஒன்றி வரும் மோனையைப் பற்றி ஒரு சோதனை மட்டும். 'முறைமையின் திரிந்து' என்பதை எடுத்துவிட்டு, 'முல்லையும் குறிஞ்சியும் தன்மை மாறி' என்று வைத்துப் பார்த்தேன். பொருளுக்கு ஒரு குறையும் இல்லை. ஆனால் முல்லைக்கு மோனையாக வந்த 'மு' போயிற்று, ஆறு நிரை மூன்றாயிற்று. எதிரணி நண்பர்கள் இரண்டையும் இந்த மேடையிலேயே வாய்விட்டுச் சொல்லட்டும். நடுவர் அவர்களே, நீங்கள் கண்ணை மூடிக் கேளுங்கள். அமர்கிறேன்.