சத்தம் போடாத வாஷ்பேசின்

[காட்சி: இரவு. இரண்டு கட்டில் போட்ட மருத்துவமனை அறை. ஒருவர் எழுந்து குழாயைத் திறக்கிறார்.]

பக்கத்துக் கட்டில்காரர் தூங்குகிறார். இவர் கை கழுவ வேண்டும். தண்ணீர் பீங்கானில் நேராக விழுந்தால் சளசளக்கும். சாய்வாகப் பட்டு வழிந்தால் சத்தம் இருக்காது. அந்தச் சாய்வை யோசித்து வரைந்தது வேறு யாருமில்லை, அந்தக் கட்டடத்தையே வரைந்த அலுவலகம்தான்.

ஃபின்லாந்தில், பைமியோ காசநோய் சானடோரியம். 1933-இல் கட்டி முடித்தார்கள். கட்டடக்கலைஞர் அல்வார் ஆல்டோ. (மாருதி காருக்கும் இவருக்கும் சம்பந்தமில்லை.) அவர் மனைவி ஐனோவும் கட்டடக்கலைஞர்தான். 1924-இல் அந்த அலுவலகத்தில் வேலைக்குச் சேர்ந்தார். அதே வருடம் கல்யாணம்.

[காட்சி: கேமரா படுக்கையிலிருந்து மேலே பார்க்கிறது.]

காசநோய்க்கு அப்போது மாத்திரை கிடையாது. வெயில், காற்று, ஓய்வு, அவ்வளவுதான் வைத்தியம். மாசக்கணக்கில் படுத்துக் கிடப்பவருக்கு அறை என்றால் சீலிங்தானே? அதனால் சீலிங்குக்குக் கண்ணை உறுத்தாத பச்சை. விளக்கு, படுத்திருப்பவர் கண்ணில் படாத இடத்தில். நாற்காலியின் சாய்மானம், மூச்சுவிட வாகான கோணத்தில். அந்தக் காலத்து நவீன நாற்காலி என்றால் இரும்புக்குழாய். இவர்கள் பிர்ச் மர ஒட்டுப்பலகையை வளைத்தார்கள். மரம் உடம்பில் பட்டால் சில்லிடாது.

[காட்சி: க்ளோசப். ஒரு ஸ்டூலின் கால்.]

சரி, கெட்டிக் கட்டையை 90 டிகிரி வளைக்க முடியுமா? அப்படியே வளைத்தால் பிளந்துவிடும். தச்சுத் தொழிலதிபர் ஓட்டோ கோர்ஹோனனோடு சேர்ந்து இதற்கு ஒரு வழி கண்டார்கள். கட்டையின் ஒரு முனையில் மட்டும், ரேகை போகும் வாக்கில், சீப்புப் பல் மாதிரி வரிசையாக ரம்பத்தால் கீறுவது. ஒவ்வொரு கீறலிலும் பசை தடவிய மெல்லிய மரத்தகடு. அப்புறம் வளைத்துக் காயவிட்டால், முழங்கால் மடக்கியதுபோல் நின்றுவிடும். அப்படி மூன்று கால், மேலே ஒரு வட்டப் பலகை: 1933-இல் வந்த ‘ஸ்டூல் 60’ இவ்வளவுதான். ஒன்றன்மேல் ஒன்றாக அடுக்கினால் கால்கள் சுருள் படிக்கட்டுபோல் சுற்றிக்கொண்டே போகும்.

இதையெல்லாம் விற்க 1935-இல், இன்னும் இரண்டு பேரோடு சேர்ந்து ஆர்டெக் நிறுவனத்தைத் தொடங்கினார்கள். வடிவமைப்புப் பொறுப்பு ஐனோவிடம். 1941-இலிருந்து நிர்வாகமும் அவரிடமே.

[காட்சி: தண்ணீரில் கல் விழுகிறது. வளையங்கள். மெல்ல ஒரு கண்ணாடி டம்ளராக மாறுகிறது.]

பேர் என்னவோ அல்வாருக்குத்தான் அதிகம். எது யார் கை என்று பிரித்துப் பார்ப்பதும் பல இடங்களில் கஷ்டம். ஆனால் இந்த டம்ளர் ஐனோவுடையது, 1932. அச்சில் அழுத்திச் செய்யும் மலிவான கண்ணாடி. அதில் சின்னச் சின்னக் குறை இருக்கும். வளையம் வளையமாக வைத்ததில் குறையும் மறைந்தது, கண்ணாடியும் உறுதியானது. 1936-இல் மிலானில் தங்கப் பதக்கம்.

1939 நியூயார்க் உலகக் கண்காட்சிக்கான ஃபின்லாந்து அரங்கை யார் வடிவமைப்பது என்று ஒரு போட்டி நடந்தது. முதல் இரண்டு பரிசும் அல்வாருக்கு. மூன்றாவது பரிசு ஐனோவுக்கு. தன் பெயரில், தனியாக வரைந்து அனுப்பியிருந்தார்.